சாவி யாரிடம்?

போன இதழில் போலிக் கடன் ஆப்களைப் பற்றி எழுதியபோது, கடைசியில் "பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துத் தரும் ஆப் அது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். விஷயம் பாஸ்வேர்டு என்பதால் கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். புது வாசகர்களுக்கு என்னைப் பற்றி: 33 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. சாவிகளோடு வாழ்ந்தவள்.

மேடம், எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளிக்கட்டியை ஒருநாளும் ஒரே இடத்தில் வைக்க மாட்டோம், எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். நீங்கள் என்னடாவென்றால் எல்லா பாஸ்வேர்டையும் ஒரே ஆப்பில் போடச் சொல்கிறீர்கள். எங்கோ இருக்கும் கம்பெனிக்காரனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நான் எப்படித் தூங்குவது? இப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். மகள் பெயர், பின்னால் 925. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. — செவ்வாய்ப்பேட்டை

(925-ஐ அச்சில் போடலாமா என்று யோசித்தேன். மாற்றிவிட்டதாக அவர் போனில் சொன்ன பிறகுதான் போடுகிறேன்.)

ஐயா, வெள்ளியைப் பிரித்து வைக்கிற நீங்கள் பாஸ்வேர்டைப் பிரித்து வைக்கவில்லையே. ஜி.எஸ்.டி. கணக்கு, மெயில், நெட் பேங்கிங், நகைப்பெட்டி வாங்கும் சைட் என்று எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. அந்த நகைப்பெட்டி சைட்டிலிருந்து பட்டியல் கசிந்தால் திருடன் அங்கே வந்து பெட்டி வாங்க மாட்டான். அதே மெயிலையும் அதே பாஸ்வேர்டையும் நூறு சைட்டில் போட்டுப் பார்ப்பான். அதுவும் கையால் இல்லை, புரோகிராம் போட்டு. 2009-இல் ராக்யூ என்ற கம்பெனியிலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே வந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. பெயருக்குப் பின்னால் எண் போடுவது எல்லா ஊர்க்காரனுக்கும் வரும் யோசனைதான். திருடனின் பட்டியலில் அது முதல் பக்கத்திலேயே இருக்கும்.

இனி நம்பிக்கைக்கு வருகிறேன். வங்கியில் பணம் இருக்கும் அறைக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். ஜாயிண்ட் கஸ்டடி என்போம். ஒருவர் மட்டும் போனால் கதவு திறக்காது. என்னோடு பல வருடம் சாவி வைத்திருந்த கேஷியர் தங்கமான மனிதர். அவர் மேல் சந்தேகப்பட்டு இரண்டு சாவி வைக்கவில்லை. சந்தேகப்பட வேண்டிய தேவையே வராமல் இருக்கத்தான் வைத்தது. அதனால்தான் நாங்கள் நிம்மதியாக ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தோம்.

நல்ல பாஸ்வேர்டு மேனேஜரிலும் நான் அதைத்தான் தேடுகிறேன். கம்பெனிக்காரன் நல்லவனா கெட்டவனா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். கெட்டவனாகவே இருந்தாலும் அவனால் திறக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். உங்கள் பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகத்தைத் திறக்க நீங்கள் போடும் ஒரே பாஸ்வேர்டுக்கு மாஸ்டர் பாஸ்வேர்டு என்று பெயர். அது உங்கள் போனை விட்டு அப்படியே வெளியே போகாது. போன் அதை ஒரு கணக்கில் போட்டு லட்சக்கணக்கான தடவை அரைத்து ஒரு சாவியாக்கும். பிட்வார்டன் என்ற ஆப்பில் இதை 2023-இல் 6 லட்சம் தடவையாக உயர்த்தினார்கள். அந்தச் சாவியால் பெட்டகத்தைப் போனிலேயே பூட்டி, பூட்டிய பெட்டகத்தை மட்டும் கம்பெனிக்கு அனுப்பும். அத்தனை தடவை அரைப்பது எதற்கென்றால், திருடன் ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஊகித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு ஊகத்துக்கும் அவனும் அத்தனை தடவை அரைத்தாக வேண்டும்.

"திருட்டே போகாதா?" என்று கேட்பீர்கள். போயிருக்கிறது. 2022-இல் இதே மாதிரி ஆப் நடத்தும் லாஸ்ட்பாஸ் என்ற பெரிய கம்பெனியில் புகுந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் காப்புப் பிரதியையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனி டிசம்பரில் ஒப்புக்கொண்டது. உள்ளே பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன. ஆனால் எந்தெந்த சைட் என்ற முகவரிகளைப் பூட்டாமல் வைத்திருந்தார்கள். பழைய கணக்குகள் சிலவற்றில் அரைப்பது 5,000 தடவைதான், சிலவற்றில் அதைவிடவும் குறைவு. நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்தவர் தூங்கினார். மகள் பெயரும் எண்ணும் வைத்தவர் அன்றிரவே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. பெட்டகம் திருட்டுப் போனாலும் திறக்காமல் இருப்பது கடைசியில் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

எதை எடுப்பது? நான் வைத்திருப்பது பிட்வார்டன். இதைச் சொல்ல எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அதன் நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது, வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்து அறிக்கை போடுகிறார்கள். தணிக்கை என்றால் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. இலவசத் திட்டத்திலேயே போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்பாஸ்வேர்டு என்று இன்னொன்று, அதற்குக் காசு உண்டு. அதில் மாஸ்டர் பாஸ்வேர்டோடு உங்கள் கருவியிலேயே உருவாகும் நீளமான ரகசியச் சாவி ஒன்றும் வேண்டும். லாக்கருக்கு இரண்டு சாவி போல, ஆனால் இங்கே இரண்டுமே உங்களிடம்தான். வங்கிக்காரிக்கு அது பிடிக்காமல் போகுமா?

வெள்ளியைப் பிரித்து வைக்கும் அப்பா காலத்துப் பழக்கத்தையும் விட வேண்டாம். மெயில் போன்ற கணக்குகளில் பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது அடுக்காகக் கேட்கும் 6 இலக்க எண்ணை, 30 விநாடிக்கு ஒருமுறை மாறுமே, அதை வேறு ஆப்பில் வையுங்கள். பெட்டகத்தில் வேண்டாம்.

மாஸ்டர் பாஸ்வேர்டே மறந்துவிட்டால் என்ன செய்வது அக்கா? — பள்ளி ஆசிரியை, அம்மாப்பேட்டை

அதோகதிதான். நான் மறந்திருக்கிறேன்.

லாக்கர் சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். லாக்கர் செய்த கம்பெனியிலிருந்து ஆள் வருவார், வாடிக்கையாளர் முன்னாலேயே உடைப்பார், செலவை அவர் தலையில் கட்டுவோம், முடிந்தது. இங்கே உடைக்கிற ஆள் கிடையாது. கம்பெனியால் திறக்க முடியாது என்பதுதானே நாம் விரும்பியது? அப்புறம் "எனக்கு மட்டும் திறந்து கொடுங்கள்" என்று கேட்டால் எப்படி?

என் கதை இது. ஆப்பைப் போட்ட நாளில் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு யோசித்து வைத்தேன். அதன்பிறகு எட்டு மாதம் விரலை வைத்தே திறந்துகொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் ஏற்காட்டுக்குப் போனபோது போன் நனைந்து செத்தது. புதுப் போனில் ஆப்பைப் போட்டால் விரலைக் கேட்கவில்லை, மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்டது. பெரிய எழுத்து எங்கே வரும், நடுவில் போட்டது நட்சத்திரமா ஆச்சரியக்குறியா, ஒன்றும் நினைவில்லை. 43 கணக்குகள். ஒவ்வொன்றிலும் போய் "மறந்துவிட்டேன்" பொத்தானை அழுத்தி மூன்று நாள் உட்கார்ந்தேன். மெயில் பாஸ்வேர்டு தனியாக நினைவில் இருந்ததால் தப்பித்தேன். அதுவும் பெட்டகத்துக்குள் மட்டும் இருந்திருந்தால் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது நான் செய்வது மூன்று. முதலில், கெட்டிக்காரத்தனமாக எதுவும் யோசிப்பதில்லை. பேரனின் லூடோ டப்பாவிலிருந்து பகடையை எடுத்து உருட்டினேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்ற அமெரிக்கர் 1995-இல் சொன்ன முறை, டைஸ்வேர் என்று பெயர். 7,776 எளிய ஆங்கிலச் சொற்களின் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். ஐந்து தடவை உருட்டினால் ஐந்து இலக்க எண் வரும், அந்த எண்ணுக்கு நேராக ஒரு சொல் இருக்கும். நாலு சொல் எடுத்தாலே 3,656 லட்சம் கோடி வாய்ப்புகள். நான் ஐந்து எடுத்தேன். குடை, நத்தை, ஜன்னல் என்பது போல ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வரும். "இது நன்றாயில்லை" என்று மறுபடி மறுபடி உருட்டிப் பிடித்ததைப் பொறுக்கக் கூடாது. நத்தை குடை பிடித்துக்கொண்டு ஏற்காட்டு மலை வளைவில் ஏறுகிறது என்று ஒரு படம் மனதில் போட்டுக்கொண்டால் மறக்காது. குறள், பழமொழி, சினிமாப் பாட்டு எதையும் வைக்காதீர்கள். ஊரறிந்தது ரகசியமாகாது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியோடு ஒருமுறை விரலை வைக்காமல் கையால் டைப் செய்து திறக்கிறேன். மூன்றாவது, தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

ஏற்காட்டில் நான்கு அறை உள்ள ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மழை வந்தால் நெட்வொர்க் போய்விடும். அப்போது இந்த ஆப் வேலை செய்யுமா? வேலைக்கு இருக்கும் பையனுக்கும் புக்கிங் சைட் பாஸ்வேர்டு தெரிய வேண்டியிருக்கிறது. — ஏற்காடு

நெட்வொர்க் கவலை வேண்டாம். ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் பெட்டகத்தின் நகல் போனிலேயே இருக்கும். சிக்னல் இல்லாமலும் திறந்து பார்க்கலாம், புதிதாகச் சேர்க்கத்தான் சிக்னல் வேண்டும். எந்தக் கம்பெனியின் சர்வரும் வேண்டாம் என்றால் கீபாஸ் இருக்கிறது. டொமினிக் ரெய்க்ல் என்ற ஜெர்மானியர் 2003-இல் ஆரம்பித்தது, இலவசம். எல்லாம் பூட்டிய ஒரே கோப்பு, உங்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். ஆனால் அதை நகல் எடுத்து வைக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. கம்ப்யூட்டர் இடி மின்னலில் போனால் கோப்பும் போச்சு. மே மாதக் கோடை விழா நெரிசலில் நீங்கள் பென்டிரைவ் தேடிக்கொண்டிருப்பதை நான் நினைத்துப் பார்க்கிறேன். உங்களுக்கு வேண்டாம்.

பையன் விஷயம்தான் முக்கியம். புக்கிங் சைட்டில் இன்னொரு பயனரைச் சேர்க்க வசதி இருந்தால் அவனுக்குத் தனியாக ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கள். அவன் வேலையை விட்டுப் போகும்போது அதை மட்டும் எடுத்துவிடலாம். நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் ஒருவர் விடுப்பில் போனால் அவர் பாஸ்வேர்டில் மற்றவர் வேலை பார்ப்பார். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். ஒருநாள் கணக்கு இடித்தபோது "நான் செய்யவில்லை" என்று சொல்ல யாருக்கும் வழியில்லாமல் போனது. விடுப்பில் இருந்த மனிதர்தான் விளக்கக் கடிதம் எழுதினார், பாவம்.

உங்கள் தொழிலுக்கு இந்த ஆப்பால் இன்னொரு பெரிய லாபம் உண்டு. "நான் உங்கள் விருந்தினர், என் புக்கிங்கில் சிக்கல், இந்த லிங்க்கைப் பாருங்கள்" என்று செய்தி வரும். திறந்தால் அச்சு அசலாகப் புக்கிங் சைட் போலவே இருக்கும், பாஸ்வேர்டு கேட்கும். ஓட்டல்காரர்களைக் குறிவைத்து உலகம் முழுக்க நடக்கும் மோசடி இது. நம் கண் லோகோவைப் பார்த்து ஏமாறும். ஆப் லோகோவைப் பார்க்காது, முகவரியைத்தான் எழுத்தெழுத்தாகப் பார்க்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தானாக நிரப்பாது. அப்போது "ஆப் மக்கர் பண்ணுகிறது" என்று நினைத்துக் காப்பி எடுத்து ஒட்டிவிடாதீர்கள். ஒன்றிரண்டு நல்ல சைட்டிலும் நிரப்பாமல் போவதுண்டு, அது உண்மைதான். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஆப்பில் சேமித்த முகவரியைத் தட்டி உள்ளே போங்கள். பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு அந்தச் செய்தியைப் பார்ப்பது அவன்தான்.

குரோமே பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று கேட்கிறதே, அது போதாதா? — கல்லூரி மாணவர், சூரமங்கலம்

போதும் தம்பி. ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஐபோன் என்றால் 2024-இலிருந்து ஆப்பிளே பாஸ்வேர்ட்ஸ் என்று தனி ஆப் கொடுக்கிறது. கவனம் வேண்டியது ஒன்றில்தான்: போன் திறக்கும் எண்ணே பெட்டகத்தையும் திறந்துவிடும். புது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நாலு இலக்கத்தை எல்லோரும் பார்க்கத் தட்டாதே. ஆறு இலக்கம் வை. கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடு. நாளைக்கு வேலையில் சேர்ந்து நாலு விதமான கம்ப்யூட்டரும் போனும் வந்த பிறகு தனி ஆப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாஸ்வேர்டுகளை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். மகன் திட்டுகிறான். — தாரமங்கலம் சாலை

மகனைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டு பீரோவில் இருக்கும் டைரியை வெளிநாட்டிலிருந்து யாரும் திருட முடியாது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு என்றால் உங்கள் டைரிக்கு என் ஓட்டு. ஆனால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளக் கூடாது. அதைச் செய்கிறீர்கள் என்று எனக்கு ஏனோ தோன்றுகிறது.

மாதா மாதம் மாற்றுகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். தேவையில்லை. காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதை விட்டுவிடலாம் என்று அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குகிறார்கள், வேறென்ன? கசிந்தது தெரிந்தால் மாற்றுங்கள். உங்கள் வங்கி கட்டாயப்படுத்தினால் வேறு வழியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

யு.பி.ஐ. பின்னையும் அதில் வைக்கலாமா? — கொண்டலாம்பட்டி

அதை மனதில் வையுங்கள். யு.பி.ஐ. ஆப்பைத் தவிர வேறு எங்கேயும் அதைத் தட்ட வேண்டிய வேலை இல்லை. பணம் வாங்குவதற்கு அந்தப் பின் எண் தேவையே இல்லை. மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்ற உதவி எண் அது.

என் கணவர்தான் எல்லாம் பார்க்கிறார். கரண்ட் பில் முதல் எல்.ஐ.சி. வரை அவர் போனில். அவருக்கு ஒன்று என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. இதைக் கேட்கவே சங்கடமாக இருக்கிறது. — குகை

சங்கடப்படாதீர்கள் அம்மா. வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி இதுதான். திருடனால் பணம் இழந்தவர்களை நான் கவுண்டரில் பார்த்தது குறைவு. காரியம் முடிந்து பதினாறாம் நாள், கையில் ஒரு பையோடு வந்து, "அவருக்கு இங்கே கணக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று நின்ற பெண்கள்தான் அதிகம். எந்த வங்கி என்றே தெரியாது. ஒரு அம்மா தெருவில் உள்ள எல்லா வங்கியும் ஏறி இறங்கிவிட்டு எங்களிடம் கடைசியாக வந்தார். எங்களிடம்தான் இருந்தது, வைப்புத்தொகை. நாமினி போடவில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தால் பணம் உங்களுடையது ஆகிவிடாது. ஒருவர் இறந்த பிறகு அவர் ஏ.டி.எம். அட்டையிலோ நெட் பேங்கிங்கிலோ பணம் எடுப்பது தவறு, பிறகு வாரிசுகளுக்குள் வில்லங்கம் வரும். வங்கிக்கு இறப்பைச் சொல்லி, நாமினியாக மனுக் கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே இன்றைக்கே கணவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கிலும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் எதற்கு உதவும் என்றால், என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் அதில் ஒரே இடத்தில் இருக்கும். பாலிசி எண், மின் இணைப்பு எண், பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண், எந்த மெயிலுக்கு ரசீது வரும் என்பதெல்லாம் அதில் குறிப்பாக எழுதி வைக்கலாம்.

பிட்வார்டனில் கட்டணத் திட்டம் எடுத்தால் அவசர அணுகல் என்று ஒரு வசதி உண்டு. கணவர் உங்களை நம்பிக்கைக்குரியவராகச் சேர்த்து, இத்தனை நாள் என்று ஒரு கெடு வைப்பார். நீங்கள் கேட்டு, அந்தக் கெடுவுக்குள் அவர் மறுக்காவிட்டால் பெட்டகம் உங்களுக்குத் திறக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு நீங்களும் ஒரு கணக்கு வைத்து, அதன் மாஸ்டர் பாஸ்வேர்டை மறக்காமல் இருக்க வேண்டும்.

எனக்குத் தாள்தான் பிடிக்கும். ஒரு உறை. உள்ளே என் மாஸ்டர் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு, இரண்டாம் அடுக்கின் 6 இலக்க எண் கிடைக்காதபோது அதற்குப் பதிலாகப் போடும் மீட்புக் குறியீடுகள். உறை வங்கி லாக்கரில். லாக்கர் என் பெயரில் மட்டும் இருந்தால் நான் போன அன்றே உறையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் என் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும், இருப்பவர் தனியாகவும் திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு லாக்கர் இல்லாவிட்டால் பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள், பரவாயில்லை.

உறை வைத்த பிறகு ஒத்திகை பார்க்க வேண்டும். போன பொங்கல் விடுமுறையில் அதை எடுத்து வந்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாதக் கரண்ட் பில் எந்த மெயிலுக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்" என்றேன். அவர் முறைத்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். நாற்பது நிமிடம் கழித்து வாசலில் வந்து நின்று, "எல்லாம் சரி, ஓ.டி.பி. உன் போனுக்குத்தானே வருகிறது, அந்தப் போனைத் திறக்கும் நம்பர் எங்கே எழுதியிருக்கிறாய்?" என்றார். எழுதியிருக்கவில்லை. பேனாவை எடுத்துக் கடைசி வரியாகச் சேர்த்தேன்.